மலைச்செடி ஏன் அரிதாகிறது? கற்பனை உலகத்துக்கு ஒரு தாவரம் படைக்கும் வழி

மிகுபுனைவுக் கதைகளில் ஒரு மலைச்செடி அடிக்கடி வரும். உச்சியில், பனிக்கு நடுவே, தன்னந்தனியாக ஒற்றைப் பூ. இரவில் ஒளிரும், எந்த நோயையும் தீர்க்கும். நாயகன் புத்தகத்தின் நான்கு பக்கங்களில் ஏறுவான், பறிப்பான், இறங்கிவிடுவான். அடுத்த அத்தியாயத்திலேயே வாசகருக்கு அந்தப் பூ மறந்துபோகும். அது அரிய செடி என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். ஏன் அரிது என்று மட்டும் கதையில் எங்கேயும் இருக்காது.

ஏன் அங்கே மட்டும் முளைக்கிறது? இவ்வளவு உயர்ந்த மருந்தை அரண்மனைத் தோட்டத்தில் ஏன் யாரும் வளர்க்கவில்லை? தலைமுறை தலைமுறையாகப் பறித்தும் இன்னும் எப்படி மிச்சமிருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் செடியின் வாழ்க்கையிலிருந்தே விடை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பறிக்கும் பருவம், பறிப்பவர்களின் கட்டுப்பாடுகள், விலை, கள்ளச்சரக்கு, சண்டை எல்லாம் அந்த விடையிலிருந்தே கிளைக்கும்.

முதலில் உயரக் கணக்கு

மலையில் ஏற ஏற, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஏறத்தாழ 5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மரங்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. உலகின் பல மலைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், வளர்பருவத்தின் சராசரி வெப்பம் 6.4 டிகிரியை ஒட்டி இறங்கும் இடத்தில் காடு நின்றுபோவது தெரிந்தது. அதற்கு மேலே புல்லும் குறுஞ்செடியும் மட்டும்தான்.

6.5, 6.4 என்ற இந்த இரண்டு எண்களே ஒரு கற்பனை மலைக்குப் போதும். உங்கள் உலகில் கடல்மட்டச் சமவெளியின் வளர்பருவச் சராசரி 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-இல் 6.4 போக 17.6. அதை 6.5-ஆல் வகுத்தால் 2.7. அதாவது மரங்கள் 2700 மீட்டர் அளவில் முடிகின்றன. உங்கள் செடி அதற்கு மேலேதான். 1500 மீட்டர் மலையின் உச்சியில் இந்தச் செடியை நட்டால், அங்கே அடர்ந்த காடு இருக்கும், செடிக்கு வெயிலே கிடைக்காது. வரைபடத்தில் சிகரத்தின் உயரத்தை எழுதும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஐந்தாவது அத்தியாயத்தில் வந்து மலையை உயர்த்த முடியாது.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். மலைச்செடி வாழும் வானிலை வேறு, மலையேறுபவர் உணரும் வானிலை வேறு. ஆள் உயரத்தில் காற்று ஊசியாகக் குத்தும்போது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் செடி வெயிலில் இதமாக இருக்கும். அடர்ந்த மெத்தைபோல் வளரும் தாவரங்களின் மேற்பரப்பு, நல்ல வெயிலில், சுற்றியுள்ள காற்றைவிட 10 முதல் 20 டிகிரி வரை சூடேறுகிறது. தண்டும் இலையும் நெருக்கி அடைந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து அந்தச் சூட்டை அள்ளிப்போக முடிவதில்லை. சத்துக் குறைவால் அது குள்ளமாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் குள்ளம்தான் அதன் வீடு. ஒல்லித் தண்டில் அரையடி உயரத்தில் ஆடும் ஒற்றை மலரைச் சிகரத்தில் வைத்தீர்களானால், முதல் புயல் இரவிலேயே அது போய்விடும்.

உயரமாக வளர்ந்தே ஆக வேண்டுமென்றால் அதற்கும் இயற்கையில் வழி இருக்கிறது. இமயமலையில் 4000 மீட்டருக்கு மேல் வளரும் ரியம் நோபிலே ஓர் ஆள் உயரத்தையும் எட்டும். சுற்றிலும் எதுவும் முழங்காலைத் தாண்டாத சரிவில் அது மட்டும் வெளிர்மஞ்சள் கோபுரம்போல நிற்கிறது. அந்த மஞ்சள், பூவின் நிறமல்ல. பூங்கொத்தை மூடி, ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருக்கும் பூவடிச் செதில்களின் நிறம். செதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்தான் உள்ளே பச்சை நிறத்தில் குட்டிப் பூக்கள் நெருக்கமாகத் தெரியும். வெளிச்சம் செதிலை ஊடுருவி உள்ளே போகிறது. புற ஊதாக் கதிர் பெருமளவு தடுக்கப்படுகிறது. வெயில் நேரத்தில் உள்ளே வெளியைவிட வெப்பம் கூடுகிறது. செடியே தனக்கு ஒரு கண்ணாடிக்குடில் கட்டிக்கொள்கிறது. பூஞ்சையில் வளரும் ஒரு சிறு ஈ அந்தக் கதகதப்புக்குள் வந்து மகரந்தம் மாற்றி, அங்கேயே முட்டையும் இடுகிறது. அதன் புழுக்கள் விதைகளில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அது செடி கொடுக்கும் கூலி. பல ஆண்டுகள் இலையாக மட்டும் இருந்து, ஒரே ஒரு முறை இந்தக் கோபுரத்தை எழுப்பிவிட்டுச் செடி செத்துப்போகிறது. கற்பனை செய்பவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைப்பது கடினம்.

ஆல்ப்ஸ் மலைப்பூவான எடல்வைஸ் இன்னொரு வகை. அதன் வெள்ளை 'இதழ்கள்' உண்மையில் பஞ்சு போர்த்திய இலைகள். பூக்கள் நடுவில் மஞ்சள் மொட்டுகளாக இருக்கின்றன. அந்த நுண்மயிர்கள் புற ஊதாவை உறிஞ்சி, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. கென்யா மலையின் ராட்சத லோபிலியா தன் இலைக்கிண்ணத்தில் தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. இரவில் மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் நீர் உறையாமல் இருக்கும், நடுக்குருத்து தப்பிக்கும். மெத்தை, கோபுரம், பஞ்சு, கிண்ணம்: இவற்றில் ஒன்றை உங்கள் செடிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிசைந்தால் எதுவும் நம்பும்படி இருக்காது.

காலம் வேறு கணக்கில் ஓடுகிறது

மேலே கோடை சில வாரங்கள்தான். அதற்குள் இலை விட்டு, மொட்டு வைத்து, பூத்து, விதை முற்ற வேண்டுமென்றால் நேரம் போதாது. அதனால் பல மலைச்செடிகள் மொட்டை முன்கூட்டியே செய்துவைக்கின்றன. ஆல்ப்ஸில் 4200 மீட்டருக்கு மேலும் பதிவான ரனன்குலஸ் கிளேசியாலிஸ் என்ற செடி, இந்த ஆண்டு திறக்கும் பூவை முந்தைய பருவத்திலேயே மண்ணருகே உருவாக்கி வைத்துவிடும். பனி விலகியதும் திறக்க வேண்டியதுதான் மிச்சம்.

கதைக்கு இது எவ்வளவு பயன்படும் என்று பாருங்கள். போன ஆண்டு வந்த மோசமான கோடைக்கான தண்டனை இந்த ஆண்டில் வரும். இந்த ஆண்டு வெயில் நன்றாக அடித்தும் சரிவில் பூவே இல்லை. கீழே இருப்பவர்கள் சாபம் என்பார்கள், மலையில் இருப்பவர்களுக்கு எந்தக் கோடை என்று தெரியும்.

பனியைப் பகையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு மீட்டர் பனி, செடிக்குக் கம்பளி. வெளியே மைனஸ் 25 டிகிரி இருந்தாலும் அதன் அடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். செடியைக் கொல்வது பனி விழாத குளிர்காலம். காற்று பனியை வாரிக்கொண்டுபோகும் முகட்டில் வளரும் செடியும், பனி தேங்கும் பள்ளத்தில் வளரும் செடியும் பத்து அடி இடைவெளியில் இருந்தாலும் வேறு வேறு இனமாகத்தான் இருக்கும். செடியைத் தேடிப் போகும் பாத்திரத்துக்கு இதுவே முதல் பாடம்: சிகரத்தைப் பார்க்காதே, பனி எங்கே கடைசியாகக் கரைகிறது என்று பார்.

ஒளிரும் பூ பற்றி ஒரு சொல்

ஒளிரச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. யாருக்காக ஒளிர்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரம் முடிந்த உயரத்தில் இரவில் கடும் குளிர். பூச்சி பறப்பது மிகக் குறைவு. ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்களும், இன்னும் மேலே போனால் ஈக்களும்தான் அங்கே முக்கிய மகரந்தக்காரர்கள், இருவரும் பகலில் உழைப்பவர்கள். வெற்று இரவில் ஒளிர்வது செடிக்கு வீண் செலவு. துருவப் பாப்பி செய்வதுபோலக் கிண்ண இதழைச் சூரியன் பக்கம் திருப்பி, பூவின் நடுவைச் சூடாக்கிக் குளிர்காயும் ஈக்களை வரவழைக்கலாம். அல்லது ஒளி பனிக்கு அடியில் இருக்கட்டும், செடியோடு வாழும் பூஞ்சை ஒளிரட்டும். பனிப்பரப்பு கைத்தடிமனுக்கு மெலியும் இரண்டு மூன்று இரவுகள் மட்டும் அந்த வெளிச்சம் மேலே கசியும். மாயம் ஓரிடத்தில் இருந்தால் போதும். மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போது அந்த ஒன்றை வாசகர் நம்புவார்.

ஒரு செடியைப் படைத்துப் பார்ப்போம்

பெயர் கல்லுறங்கி. தொட்டாற்சுருங்கி, நாயுருவி மாதிரி செடியின் நடத்தையிலிருந்து வந்த பெயர். ஆட்டிடையர் வைத்த பெயர் என்று கொள்வோம். அரண்மனை மருத்துவர்கள் வேறு பெயர் சொல்வார்கள், வணிகரின் ஏட்டில் மூன்றாவது பெயர் இருக்கும்.

இடம்: 3100 முதல் 3400 மீட்டர் வரை, கிழக்கு பார்த்த சரிவு, உடைந்த பச்சைநிறக் கல் குவிந்த நிலம். பச்சைக் கல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செர்ப்பெண்டைன் போன்ற பாறையின் மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மக்னீசியம் மிகுதி, நிக்கலும் இருக்கும். பெரும்பாலான தாவரங்களால் அங்கே வாழ முடியாது, தாங்கிக்கொள்ளும் சிலவற்றுக்குப் போட்டி இல்லை. அதனால் அத்தகைய பாறைக்கே உரிய இனங்கள் உலகில் பல இருக்கின்றன. அந்தப் பாறை எங்கே முடிகிறதோ அங்கே கல்லுறங்கியும் முடியும். அடுத்த மலையும் அதே உயரம், அதே பனி. ஆனால் கல் வேறு, செடி இல்லை. 'ஏன் இங்கே மட்டும்' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

உருவம்: மெத்தை. நாற்பது வயதில் உள்ளங்கை அகலம். கூட்டமாக நகரும் கற்களுக்கு நடுவே நிலைக்க ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆணிவேர். இலை நெல்மணி அளவு, சாம்பல் பச்சை. விரலால் அழுத்தினால் ரப்பர்போல எதிர்க்கும், விட்டதும் குழி நிரம்பும். மெத்தையைக் கத்தியால் பிளந்தால் மேலே விரற்கடை அளவுதான் உயிருள்ள பச்சை. அதற்குக் கீழே முந்தைய ஆண்டுகளின் இலைகள் உதிராமல், அடுக்கடுக்காக மக்கி, ஈரம் பிடித்துப் பழுப்பாக இருக்கும். செடி தன் குப்பையையே மண்ணாகச் சேர்த்துவைத்து அதிலேயே பக்கவேர் விடுகிறது. மெத்தைத் தாவரங்கள் உண்மையாகவே இப்படித்தான் வாழ்கின்றன. ஆண்டிஸ் மலைகளின் யாரெட்டா ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் பரவாது. பிசின் நிறைந்த அந்தச் செடியை மனிதர்கள் அடுப்பெரிக்க வெட்டினார்கள். நூற்றாண்டுகளாக வளர்ந்த மெத்தை சில நாள் விறகாகப் போனது.

மருந்து இருப்பது வேரும் தண்டும் சேரும் கழுத்தில் ஊறும் பிசினில். அதை எடுத்தால் செடி சாகும். இந்த ஒரு முடிவுதான் முழுக் கதையையும் தாங்கப்போகிறது, அதனால் இதில் தளரக் கூடாது. இலையிலோ பூவிலோ மருந்து இருந்தால் ஆண்டுதோறும் பறித்துக்கொண்டே இருக்கலாம், யாரும் யாரோடும் மோத வேண்டியதில்லை.

இப்போது எண்ணிக்கை. அந்தச் சரிவில் பூக்கும் வயதுள்ள செடிகள் 400. முளைத்துப் பூக்க 25 ஆண்டுகள். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம், அதாவது 8 செடி, இயல்பாகச் சாகிறது. அதே அளவு 8 இளஞ்செடி புதிதாகப் பூக்கும் வயதுக்கு வருகிறது. சமநிலை. இனி ஓர் ஊர் ஆண்டுக்கு வெறும் 8 செடி மட்டும் எடுக்கத் தொடங்குகிறது. 400-இல் எட்டு, யாருக்கும் உறுத்தாது. முதல் 25 ஆண்டுகள் மேலே வரும் இளஞ்செடிகள் எல்லாம் பழைய 400 தாய்ச்செடிகளின் விதை. ஆகவே கண்ணுக்குக் குஞ்சும் குளுவானுமாகச் சரிவு செழிப்பாகவே தெரியும். ஆனால் அந்த 25-ஆம் ஆண்டில் எண்ணினால் 240-தான் இருக்கும். அதற்குப் பிறகு குறைந்துபோன தாய்ச்செடிகளின் குறைந்த விதைகள் கணக்குக்கு வருகின்றன. 50-ஆம் ஆண்டில் 110 அளவு. எழுபதைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. தாத்தா பறித்த அதே எட்டைத்தான் பேரனும் பறித்தான். மலையை யார் காலி செய்தது என்று யாரையும் கைகாட்ட முடியாது.

மெதுவாக வளரும் செடியின் அழிவு இப்படித்தான், ஒரு தலைமுறை தாமதமாகக் கண்ணில் படுகிறது. உங்கள் இடையர் சமூகம் அறிவுள்ளதாக இருந்தால் அவர்கள் விதி எட்டு என்று இருக்காது. 'பூக்காத ஆண்டில் தொடாதே, மெத்தை கைச்சாண் தாண்டினால் மட்டும் எடு, எடுத்த குழியில் அதன் விதையையே போட்டுக் கல்லால் மூடு' என்று இருக்கும்.

பறிக்கும் கை செடியையே மாற்றவும் செய்யும். சீனாவின் ஹெங்துவான் மலைகளில் ஃபிரிட்டிலேரியா டெலவாயி என்ற செடியின் கிழங்கை மருந்துக்காக நெடுங்காலமாகத் தோண்டுகிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் அது பளிச்சென்ற பச்சை. அதிகம் தோண்டப்படும் சரிவுகளில் அதன் இலையும் பூவும் சுற்றியுள்ள கல்லின் நிறத்துக்கே, சாம்பலாகவும் பழுப்பாகவும், மாறியிருப்பதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணில் பட்டது பிடுங்கப்பட்டது, படாதது விதை போட்டது. கல்லுறங்கியையும் இதே வழியில் கொண்டுபோகலாம். பழைய ஏட்டில் பச்சை மெத்தை என்று எழுதியிருக்கும். ஏட்டை நம்பிப் போகிறவன் செடிமேலேயே உட்கார்ந்துகொண்டு பச்சையைத் தேடுவான்.

அரண்மனைத் தோட்டத்தில் ஏன் வாழாது

இங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்கள் 'அந்தச் செடி அடிமைப்பட மறுக்கும்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தோட்டக்காரர் தோற்கும் விதத்தைப் படிப்படியாக எழுதினால் அதைவிடச் சுவையாக இருக்கும். மலைச்செடி வளர்ப்பவர்களுக்கு இந்தத் தோல்விகள் எல்லாம் நன்றாகத் தெரிந்தவை.

முதல் தோல்வி முளைப்பில். பல மலைச்செடிகளின் விதை, ஈரமான குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். 2 முதல் 5 டிகிரியில், ஈர மணலோடு, 6 முதல் 12 வாரம். சமவெளியின் இளஞ்சூட்டு மண்ணில் போட்ட விதை அசையாமல் கிடந்து அழுகும். தோட்டக்காரர் விதை மோசம் என்று வணிகரைத் திட்டுவார்.

இரண்டாவது மண்ணில். அரசருக்குரிய செடி என்று எருவும் வண்டலும் போட்டு நிரப்புவார்கள். செடி கொழுத்து வளரும். மெத்தை தளர்ந்து தண்டு நீளும். எடல்வைஸையே தாழ்நிலத்தில் வளமான மண்ணில் வைத்தால் பஞ்சு குறைந்து, பச்சைபூத்து, நெட்டையாகிவிடும். கல்லுறங்கி அங்கே பிசினே சுரக்காது என்று வைத்துக்கொள்ளலாம். கடும் வெயிலும் வறண்ட கல்லும் இருந்தால்தானே அந்தப் பிசினுக்குத் தேவை?

மூன்றாவது, இரவு. மேலே இரவு குளிர்வதால் செடி பகலில் சேர்த்த சர்க்கரையை மெதுவாகச் செலவழிக்கிறது. கீழே இரவும் சூடு. சுவாசம் வேகமாக நடந்து சேமிப்பு கரைகிறது. செடி இரண்டு மூன்று ஆண்டு இளைத்து, காரணம் தெரியாமல் சாகும்.

நான்காவது, குளிர்கால ஈரம். பனி உலர்ந்த போர்வை, மழை அப்படியல்ல. மெத்தையின் நடுவில் நீர் தங்கி, கழுத்து அழுகி, வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே கறுத்துவிடும். தொட்டால் மெத்தை மூடிபோலக் கையோடு வரும்.

திறமையான தோட்டக்காரர் ஒருவர் இவற்றைத் தாண்டட்டும். ஓரடிக்கும் ஆழமான மண்தொட்டி. இரண்டு பங்கு சிறு சரளை, ஒரு பங்கு மண், ஒரு பங்கு இலைமக்கு. செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை கனத்துக்குக் கல்துகள், அப்போதுதான் தண்டருகே ஈரம் நிற்காது. தொட்டியை மணலில் புதைத்து, மணலுக்கு மட்டும் தண்ணீர் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் தலைக்கு மேல் கூரை, நாலு பக்கமும் காற்று. பூ வந்துவிடும். அப்போது ஐந்தாவது தோல்வி: விதை இல்லை. அந்தப் பூவுக்குரிய ஈ மலையில்தான் இருக்கிறது. மயிர்த்தூரிகையால் மகரந்தம் மாற்றலாம். ஆனால் தோட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்து, சொந்த மகரந்தத்தைப் பூ ஏற்காத இனமாகவும் இருந்தால் அதுவும் முழுமையாகப் பலிக்காது. இன்னொரு சரிவிலிருந்து ஒரு செடியாவது வந்தாக வேண்டும். நாயகனை மலைக்கு அனுப்ப இது வலுவான காரணம்.

வளர்க்க முடியாத செடியின் சந்தை எப்படி முடியும் என்பதற்கு மலையைச் சேராத ஓர் உண்மைச் சான்றும் உண்டு. வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகரம் சில்ஃபியம் என்ற காட்டுச்செடியின் பிசினால் செல்வம் கண்டது. தன் நாணயங்களிலேயே அந்தச் செடியைப் பொறித்தது. பயிரிட்டால் அது வராது என்று பண்டைய கிரேக்கர் எழுதிவைத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், அந்தக் காலத்தில் கிடைத்த ஒரே ஒரு தண்டு ரோமின் நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். அதற்குப் பிறகு வேறொரு செடியின் நாற்றமுள்ள பிசின் அதன் இடத்தில் விற்கப்பட்டது.

கல்லுறங்கிக்கும் அந்த நிலை வரும், அதற்கு முன்பே போலி வரும். அதே சரிவில், சற்றுத் தாழ்ந்த இடத்தில், அதேபோல் மெத்தையாக வளரும் இன்னொரு செடியைப் படைத்துவிடுங்கள். உலர்ந்த வேரில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இடையர்கள் சோதிக்கும் முறை எளிது: வேர்க்கழுத்தை ஒடித்து, ஒடித்த முகத்தை நாக்கில் வைக்காமல் உள்ளங்கைச் சூட்டில் நூறு எண்ணும்வரை மூடிவைப்பார்கள். உண்மையானதென்றால் பிசின் இளகிக் கையில் ஒட்டும். போலி உலர்ந்தபடியே கிடக்கும். வாங்க வந்தவரின் கை குளிரில் விறைத்திருந்தால் உண்மையான வேரும் ஒட்டாது; அனுபவமுள்ள வணிகர் பேரத்தைப் பனிவெளியில் வைத்துக்கொள்வது அதனால்தான்.